நாக்கு எழாத இடம்

ஏசுவடியான் முப்பது வருஷமாக உபதேசியார். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊரில் ஒரு சின்னக் கோவில். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், ஜெபம், ஊரில் சாவு விழுந்தால் அடக்கம், எல்லாம் இவர்தான்.

ஐம்பத்தேழு வயதில் அவர் ஒருவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

மனோரஞ்சிதம் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். நர்ஸாக வேலை பார்த்தவர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்ட நோயாளிகளுக்காகப் பக்கத்து ஊரில் ஒரு வீடு நடத்தினார். உபதேசியார் ஒருமுறை அங்கே ஜெபிக்கப் போனார். மறுநாள் இறக்கப்போகிற ஒரு மனிதருக்கு மனோரஞ்சிதம் நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உபதேசியார் கொண்டுபோன ஜெபத்தை மறந்து, பார்த்துக்கொண்டே நின்றார். அதன்பிறகு திங்கட்கிழமை தவறாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஊரில் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவர் போனபோது மனோரஞ்சிதம் கொல்லையில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஜெபம் வரல."

"எத்தனை நாளா?"

"பதினேழு நாளா. பெனினாளை அடக்கம் பண்ணினதுல இருந்து."

"நேத்து கோவில்ல ஜெபிச்சீங்களே."

"வாய் ஜெபிச்சது. முப்பது வருஷப் பழக்கம், அதுபாட்டுக்கு ஓடுது. உள்ளே போய்ப் பார்த்தா யாரும் இல்ல. எனக்கு விசுவாசம் இருக்கா, இல்லையா? அதுகூடத் தெரியல சிஸ்டர்."

மனோரஞ்சிதம் ஈர விரிப்பின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள்.

"பெனினாளுக்கு என்ன நடந்தது?"

உபதேசியார் சொன்னார்.

பெனினாள், தங்கபுஷ்பம் பீடி சுற்றி வளர்த்த ஒரே மகள். பத்தொன்பது வயது. காய்ச்சலில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டாம் நாள் வராந்தாவில் தங்கபுஷ்பம் உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, எம்பிள்ளை பிழைச்சிருமா என்று கேட்டாள். 'கர்த்தர் என்கிட்ட சொல்லிட்டாரும்மா, நாளைக்குப் பிள்ளை வீட்டுக்கு நடந்து வருவா' என்றார் அவர்.

தங்கபுஷ்பம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டைக் கழுவிவிட்டாள். மகள் உடுத்திக்கொள்ளத் துணி துவைத்துப் போட்டாள். அவளுக்குப் பிடிக்குமே என்று பால் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டினாள். உருட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"கடைசியில ரெண்டு தடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டிருக்கா. பக்கத்துல அம்மா இல்ல."

மனோரஞ்சிதம் விரிப்பை உதறினார்.

"கர்த்தர் உங்ககிட்ட சொன்னாரா?"

"சொன்ன மாதிரி இருந்தது."

"சொன்னாரா?"



"இல்ல. அந்தம்மா அழுகையை என்னால தாங்க முடியல. நானாத்தான் சொன்னேன்."

"இதைத் தங்கபுஷ்பத்துக்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? சொன்னா அவ விசுவாசம் என்ன ஆகும்?"

"உங்களுக்கே இருக்கான்னு தெரியல. அவளோடதுக்கு எப்படிக் காவல் இருக்கீங்க?"

அது கோபமா, கேள்வியா என்று உபதேசியாருக்குப் புரியவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா எனக்கு விசுவாசம் திரும்பி வருமா?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு மனோரஞ்சிதம் அடுத்த விரிப்பை எடுத்தார்.

நான்கு நாள் உபதேசியார் தங்கபுஷ்பத்தின் தெருமுனை வரை போய்த் திரும்பினார். முதல் நாள் அவள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் நாள் மழை தூறியது. மற்ற இரண்டு நாளும் காரணம்கூட இல்லை. ஐந்தாம் நாள் வெயில் தாழ்ந்ததும் உள்ளே போய்விட்டார்.

தங்கபுஷ்பம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழப் போனாள்.

"எழும்பாதம்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கர்த்தர் சொன்னார்னு நான் சொன்னேனே, அவர் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னதுதான் அது. என் பேச்சைக் கேட்டுத்தான் நீ பிள்ளையை விட்டுட்டு வந்தே."

தங்கபுஷ்பத்தின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு பீடியைச் சுற்றி முடித்து, நூல் கட்டி, முறத்தில் போட்டாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தப்பவே தெரியும். ஆனா எனக்கு அந்தச் சொல்லு வேண்டியிருந்துச்சு. பிடுங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

 உபதேசியார் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா."

"இன்னைக்கு முடியாது உபதேசியார்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.

"இருங்க. ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"எனக்கு ஜெபம் வரலம்மா. அதையும் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்கும்தான் வரல. பரமண்டல ஜெபத்தைத் தெனமும் ஆரம்பிக்கேன். அவர் சித்தம் நடக்கட்டும்னு வருதுல்லா, அந்த எடத்துல நாக்கு எழ மாட்டேங்கு. அதோட எந்திரிச்சிருதேன். அந்த ஒரு எடத்தை மட்டும் நீங்க சொல்லுங்க. மத்ததை நான் சொல்லுதேன்."

இருவரும் முழங்காலில் நின்றார்கள். தங்கபுஷ்பம் ஆரம்பித்தாள். கரகரத்த, சன்னமான குரல். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

உபதேசியார் வாயைத் திறந்தார். எத்தனை கல்யாணத்தில், எத்தனை குழிமேட்டில் அவர் சொன்ன வரி! பெனினாளின் பெட்டியை இறக்கும்போதுகூடச் சத்தமாகச் சொன்னார். இப்போது தொண்டையில் காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அவரும் தன் குரலுக்காகக் காத்திருந்தார். தெருவில் ஒரு பைக் போனது. யாரோ ஆடுகளை விரட்டினார்கள்.

பிறகு தங்கபுஷ்பம், மிக மெதுவாக, ஆகாரம் கேட்கிற அடுத்த வரிக்குப் போனாள். உபதேசியார் அவளோடு சேர்ந்துகொண்டார். ஆமென் வரை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

திங்கட்கிழமை மனோரஞ்சிதம் ஒரு முதியவருக்கு ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். உபதேசியார் பக்கத்தில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

"சொன்னா தெளிஞ்சிரும்னு நெனச்சேன் சிஸ்டர். முன்னைவிடக் குழம்பிப் போயிருக்கேன். அவளாலயும் சொல்ல முடியல, என்னாலயும் சொல்ல முடியல. ஜெபத்தோட நெஞ்சையே விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கோம். அது விசுவாசமா, அவிசுவாசமா? தெனமும் வாங்கன்னு அந்தம்மா கூப்பிடுது. நடுவுல ஓட்டை விழுந்த ஜெபத்தைத் தெனமும் எப்படி அவர் முன்னால கொண்டுபோக?"

மனோரஞ்சிதம் முதியவரின் வாயோரத்தைத் துடைத்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின நாள்ல இருந்து நான் அந்த வரியைச் சொன்னதில்ல, உபதேசியாரே. பதினோரு வருஷம் ஆச்சு. தெனமும் அந்த எடத்துல வந்து வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். கர்த்தர் இன்னும் எந்திரிச்சுப் போகல."