முப்பத்தேழாவது கேள்வி

"மேடம், அந்த முப்பத்தேழாவதுக்கு விடை என்ன?"

"பரீட்சை எழுதினது நீங்க. எங்கிட்ட கேக்கீங்க."

பதினோரு நாளாக இதே கேள்வி. இதே பதில்.

கேட்டவன் சுடலைமணி. வயது முப்பத்துநாலு. பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளர்.

பதில் சொன்னவள் நஸ்ரின். வயது இருபத்தாறு. பரோட்டாக் கடை மாடியில் நுழைவுத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

எட்டு வயது இளையவள் முன்னால் கைகட்டி நிற்க அவன் கூச்சப்பட்டதில்லை. அவளும் சும்மா திட்டமாட்டாள். அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவாள்.

எம்.டெக். நுழைவுத் தேர்வு. அவனுக்கு இது நாலாவது தடவை. வேலை பார்க்கும் இடத்தில் முப்பத்தைந்து வயது வரைதான் படிப்பு விடுப்பு. சித்திரை வந்தால் அவனுக்கு முப்பத்தைந்து. அதோடு சரி.

மற்ற கேள்விகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தாயிற்று. முப்பத்தேழு சரியென்றால், போன வருடக் கட்-ஆஃபுக்கு ஒரு மார்க் மேலே. தப்பென்றால் ஒரு மார்க் கீழே.

"மூணு கோச்சிங் சென்டர்ல விடை வெளியிட்டிருக்கான் மேடம். ரெண்டு பேரு பி-ங்கான். ஒருத்தன் சி-ங்கான்."

"நீங்க என்ன போட்டீங்க?"

"சி."

"பொறவு?"

"டெலிகிராம் குரூப்ல ஓட்டுக்கு விட்டேன். நூத்துக்கு அறுபத்தொண்ணு பேரு சி."

"ஜெயிச்சுட்டீங்க அண்ணாச்சி. மாலை வாங்கிட்டு வரச் சொல்லவா?"

அவன் சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு தடவை போட்டுப் பாத்தீங்களா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

நாலு வருடத்தில் நாலாயிரம் கணக்குப் போட்டவன். இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. நோட்டை எடுப்பான். தேதி போடுவான். பேனாவை மூடிவிட்டு டெலிகிராமைத் திறப்பான்.

நஸ்ரினுக்கு இது தெரியும். விடையும் தெரியும். பரீட்சை முடிந்த அன்றைக்கே போட்டுப் பார்த்திருந்தாள்.

"காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

"பொய்."

டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இடியாப்பத்தை மூடியில் எடுத்து வைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"தின்னுட்டு உள்ள போய்ப் புது பேட்ச்சுக்கு வகுப்பு எடுங்க. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசுனீங்க?"

"உங்ககிட்ட பேசித்தான் கட்டுச்சு."

உள்ளே பதினாலு பேர். எல்லார் கையிலும் இந்த வருட வினாத்தாள். நஸ்ரின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டாள்.

சுடலைமணி சாக்பீஸை எடுத்தான்.

"யாருக்கு எது வரல?"

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஜெபசெல்வி என்று பெயர்.

"முப்பத்தேழு, அண்ணே."

அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். நஸ்ரின் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லை. திரும்பிப் போர்டில் எழுதிக்கொண்டே சொன்னான்.

"பெட்டியில ஆறு பல்பு. அதுல ரெண்டு பியூஸ். ஒண்ணு ஒண்ணா மாட்டிப் பாக்கோம். அந்த ரெண்டும் எதெதுன்னு தெரிஞ்சதும் நிறுத்திருவோம். சரியா நாலாவது பல்போட நிறுத்த நிகழ்தகவு என்ன? அதானே?"

"ஆமாண்ணே."

"நாலாவதா மாட்டுறது பியூஸ். அதுக்கு முந்தின மூணுல ஏதாவது ஒண்ணு பியூஸ். அப்ப மூணு வழி. மொத்தம் பதினஞ்சு வழி. பதினஞ்சுல மூணு. சுருக்குனா அஞ்சுல ஒண்ணு."

சி.

பதினோரு நாளில் முதன்முறையாக அவன் மூச்சு முழுசாக இறங்கியது. இவ்வளவுதானா? இதற்கா பயந்தோம்? பக்கத்தில் சி என்று எழுதக் கையைத் தூக்கினான்.

"அண்ணே." ஜெபசெல்வி இன்னும் உட்காரவில்லை. "முதல் நாலும் எரிஞ்சுருச்சுன்னா?"

"எரிஞ்சா?"

"மிச்சம் இருக்கது ரெண்டுதானே. அதுதான் பியூஸ்னு தெரிஞ்சுருமே."

"மாட்டிப் பாக்காமலேயா தெரியும்?"

"எதுக்குண்ணே மாட்டணும்? அதுதான்னு தெரியுதுல்லா."

சாக்பீஸ் அந்தரத்தில் நின்றது.

அதெல்லாம் கணக்கில் வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினாலு பேரும் எழுதிக்கொள்வார்கள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கடைசி பெஞ்சைப் பார்த்தான். நஸ்ரின் தலையை நிமிர்த்தவில்லை. பேனா மட்டும் நின்றிருந்தது.

கீழே கடையில் கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்திருந்தார்கள்.

அவன் உள்ளங்கையால் மூன்றை அழித்தான். நான்கு என்று எழுதினான்.

"பதினஞ்சுல நாலு. விடை பி. உக்காரும்மா. நீ சொன்னதுதான் சரி."

ஜெபசெல்வி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் விடவில்லை.

"நீங்க பரீட்சையில என்னண்ணே போட்டீங்க?"

"சி."

ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். அண்ணனுக்கு இது கடைசித் தடவை என்று மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப..." என்றாள் ஜெபசெல்வி.

"ஆமா. போச்சு." சுடலைமணி கையைப் பேண்ட்டில் துடைத்தான். "கெட்டுப்போனதத் தேடிக்கிட்டே இருந்தேன். நாலும் எரிஞ்சா என்னன்னு யோசிக்கல. எல்லாரும் இந்த இடத்துலதான் தப்பு விடுவீங்க. பக்கத்துல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க."

பதினாலு பேரும் கோடு போட்டார்கள். அவன் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

நஸ்ரின்.

எழுந்து நின்றாள்.

"முப்பத்தெட்டு எனக்கு வரல, சார்."