பானெட்டில் இருந்த பெயர்

“பதினொரு ஜீப்பு பாத்துட்டேன் மேஸ்திரி. ஒண்ணுகூட அமையல.”

வனராஜ் இதைச் சொன்னது இரண்டு கால்களிடம். சிக்கந்தர் மேஸ்திரியின் மிச்ச உடம்பெல்லாம் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தது.

“பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் எடுங்க மாமா” என்றது அடியிலிருந்து குரல்.

வனராஜ் எடுத்துக் கொடுத்தார்.

போடியிலிருந்து முந்தல் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக வரும் பட்டறை சிக்கந்தருடையது. வயது முப்பத்தெட்டு. பழைய ஜீப்பைச் சீர் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். வந்தவர்களுக்கு ஒரே குறைதான். ஜீப்பைப் பற்றிக் கேட்டால் மனிதர் ஜீப்பைத் தவிர மற்றதையெல்லாம் பேசுகிறார்.

வனராஜுக்கு அறுபத்தொன்று. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பை இருபத்தாறு வருசம் ஓட்டியவர். போடிமெட்டுக்குப் போகிற பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று பெயர். நல்லவேளை, ஒருநாளும் மூடிப் பார்த்ததில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் அந்த ஜீப்பை விற்றார். மூன்று வருசமாக ஜீப் தேடுகிறார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய மாடலாக இருக்க வேண்டும். வாங்கிச் சீர் செய்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும்.

“சும்மா உக்கார முடியல. ஒரு பொழுதுபோக்கு” என்று ஊருக்குச் சொன்னார்.

“போகாத ஊருக்கு வழி கேக்குறாரு” என்றது ஊர்.

ஊருக்குச் சொன்னது பொய். அவருக்கு வேண்டியது அவர் விற்ற அதே ஜீப். கட்டப்பனைக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தார். அவர் யாருக்கோ கொடுத்தார், அந்த யாரோ வேறு யாருக்கோ. அதோடு தடம் அறுந்துபோனது.

மனைவி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஜீப்பை விற்ற ஐந்தாம் மாதம் ஒரே மகன் செந்தூரனும் போனான். அவன் தவழ்ந்து விளையாடிய அந்த வண்டியாவது தனக்குத் திரும்பி வரட்டும் என்று கிழவர் அலைந்தார். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மேஸ்திரி அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

“அந்தப் பதினொண்ணுல ஏழுக்கு நானும் கூட வந்தேன் மாமா. ஜீப்பு வாங்குறவன் எஞ்சினை ஓடவிட்டுக் கேப்பான். துரு இருக்கான்னு தட்டிப் பாப்பான். நீங்க நேரா கீழ குனிஞ்சு, சேசிஸ் நம்பர் மேல இருக்க மண்ணை நகத்தால சுரண்டுவீங்க. படிப்பீங்க. எந்திரிச்சு வேணாம்பீங்க.”

“பேப்பரோட நம்பர் ஒத்துப்போகணும்ல.”

“பேப்பரை ஒருநாளும் நீங்க கேக்கலையே.”

வனராஜ் மலையைப் பார்த்தார். மலை மேகத்துக்குள் இருந்தது.

“சரி, கெடச்சிருச்சுன்னு வைங்க” என்றார் மேஸ்திரி. “எந்த நாள் மாதிரி ஆக்கணும்?”

“என்னது?”

“வண்டியச் சீர் பண்ணிக் குடுன்னு வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். எந்த நாள்ல இருந்த மாதிரி வேணும்?”

“கம்பெனியில இருந்து எறங்குன நாள் மாதிரி.”

“அன்னைக்கு ஒங்க மகன் பொறந்திருந்தானா?”

வனராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். மரியாதை கெட்ட பயல், இவனிடம் வந்தது என் புத்திக்கு வேணும் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார்.

*

மறுநாள் காலையில் பட்டறை திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை இல்லை.

“பேரு எழுதுன நாள் மாதிரி” என்றார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். ஜீப் வைத்திருப்பவனுக்குப் பிள்ளை பிறந்தால் பானெட்டில் அதன் பெயரை எழுதி வைப்பான். வண்டியை விற்கிற அன்று, எழுதி வைத்தவனே தன் கையால் அழித்துக் கொடுக்க வேண்டும். பெயரோடு போனால் வண்டிக்கு வருவது பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள்.

மேஸ்திரி அவரை ஒரு நிமிசம் பார்த்தார். கதவைத் திறக்காமல் பைக்கைத் திருப்பினார்.

“ஏறுங்க மாமா.”

மலையடிவாரத்தில் ஓர் இலவந்தோப்பு. பைக் வரப்பில் நிற்பதற்கு முன்பே வனராஜ் மேஸ்திரியின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

தோப்புக்குள் ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீராக ஓடும், இடையில் ஒரு தரம் இருமும், மறுபடி ஓடும்.

“அது என் வண்டி.”

“ஆமா.”

வயசை மறந்து ஓடினார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஜீப் இல்லை. சிமெண்டுத் திண்டின் மேல் எஞ்சின் மட்டும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

“மத்தது?”

“கியர் பாக்ஸு வேற ஒரு வண்டியில மலை ஏறுது. சேசிஸும் பாடியும் பழைய இரும்புக்குப் போயிருச்சு.”

“பானெட்டு?”

“அதுவுந்தான்.”

“எவன் பிரிச்சான்?”

“நாந்தான்.”

வனராஜ் மேஸ்திரி பக்கம் திரும்பினார். “எப்ப?”

“ரெண்டு வருசம் ஆச்சு. மேல தோட்டத்துல கெடந்து மக்கிப்போய்தான் என்கிட்ட வந்துச்சு. பிரிக்கிறப்பதான் ஒங்க வண்டின்னு தெரிஞ்சது.”

“ரெண்டு வருசமா என்னையத் தேட விட்டுட்டு வேடிக்கை பாத்தியாடா? கூடவே வேற வந்தியே.”

“தேடுறப்ப சாப்பிட்டீங்க. தூங்குனீங்க.”

கிழவர் ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்தார்.

“அப்ப இன்னைக்கி மட்டும் ஏன் காட்டுன?”

“எந்த நாளுன்னு இன்னைக்கித்தான சொன்னீங்க.”

எஞ்சின் இருமிவிட்டு ஓடியது. வனராஜ் பேச ஆரம்பித்தார். மேஸ்திரியைப் பார்த்துப் பேசவில்லை, எஞ்சினைப் பார்த்துப் பேசினார்.

“டிப்ளமா முடிச்சுட்டு, வண்டிய நான் ஓட்டுறேம்ப்பான்னு வந்து நின்னான். என்னைய மாதிரி ஆகிப்போவானேன்னு வித்தேன். வண்டி இருந்தாத்தான ஓட்டுவான். பானெட்டுல இருந்த அவன் பேர, தின்னர்ல துணிய நனைச்சு நாந்தான் அழிச்சேன். பக்கத்துல நின்னு பாத்தான். சண்டை போடுவான்னு நெனச்சேன். ‘அழுத்தித் தேய்க்காதீங்கப்பா, அடியில பெயிண்ட்டு போயிரும்’னான். அவ்வளவுதான் சொன்னான்.”

வனராஜ் ஈரமண்ணை நகத்தால் கீறினார்.

“ஓசூர்ல வேலைக்குப் போனான். ரோட்டக் கடக்கையில பஸ்ஸு அடிச்சிருச்சு. பேர அழிச்சா புள்ளைக்கு நல்லதும்பாங்க. நான் அழிச்சேன் மேஸ்திரி. என் கையால சுத்தமா அழிச்சேன்.”

மேஸ்திரி போய் எஞ்சினை நிறுத்தினார்.

தோப்பு அமைதியானது. குழாயில் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு அப்பாலிருந்து, “எவன்டா மோட்டார நிறுத்துனது, பாதிப் பாத்திதான நனைஞ்சிருக்கு” என்று தோப்புக்காரரின் ஏச்சு கேட்டது.

மேஸ்திரி மறுபடி எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீர் வந்தது.

“போலாம் மாமா” என்றார்.

*

அதற்கப்புறம் வனராஜ் பட்டறைப் பக்கம் வரவில்லை. தேடுவதற்கு இனி ஒன்றும் இல்லை. தேடாத மனிதனுக்கு விடிந்தும் வேலையில்லை, பொழுது அடைந்தும் வேலையில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த சோறு மூடியபடியே ஊசிப்போனது.

நாற்பது நாள் கழித்து மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். வனராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மாமா, மேலச்சொக்கநாதபுரத்துல ஒரு ஜீப்பு விலைக்கு வருது.”

“எனக்கெதுக்கு?”

“நீங்க வாங்க வேணாம். எனக்குப் பாக்கணும். ஸ்பேனர் எடுத்துக் குடுக்க ஆள் இல்ல.”

வனராஜ் திரும்பவில்லை.

“பன்னெண்டாம் நம்பர் எதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். வர்றவன் எல்லாம் பத்தாம் நம்பரை எடுத்து நீட்டுறான்.”

கிழவர் மெல்ல எழுந்து சட்டையைத் தேடினார். முகத்தில் அறைந்தாற்போலக் கேட்டவன், தோப்பில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாதவன், இத்தனை தூரம் வந்து கூப்பிடுகிறானே என்று நினைத்தபடியே பட்டனைப் போட்டுக்கொண்டார்.

*

ஜீப் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. பின்பக்கத் தகரத்தில் துரு. சீட்டு கிழிந்து தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. விற்கிறவன் பெயர் ஈஸ்வரன், வயது முப்பத்தைந்து இருக்கும். வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போகிறான். விசா வந்துவிட்டது. மூன்று வருசம் ஊர்ப்பக்கம் வரமுடியாது.

பானெட்டில் மஞ்சள் எழுத்தில் ‘நிறைமதி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பிறைநிலா.

மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். அடியில் படுத்து ஆக்ஸிலைத் தட்டினார். வனராஜ் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். குனிந்து சேசிஸ் நம்பரைச் சுரண்டவில்லை. மேஸ்திரி அதையும் கவனித்தார்.

“எஞ்சினு நல்லாருக்கு. கியரு நாலும் விழுகுது. தகரம் தட்டுற டிங்கர் வேலைதான் நெறைய” என்றார் மேஸ்திரி. “எடுத்துக்குறேன்யா. சொன்ன விலைதான்.”

“நல்லதுண்ணே. ஒரு அஞ்சு நிமிசம் இருங்க.”

ஈஸ்வரன் உள்ளே போய் ஒரு பாட்டிலும் பழைய துணியும் கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் தின்னர் வாடை அடித்தது. வனராஜ் ஒரு அடி பின்னால் போனார்.

“புள்ள ஸ்கூலு விட்டு வர்றதுக்குள்ள அழிச்சிரணும்” என்றான் ஈஸ்வரன். “வண்டிய விக்கிறேன்னு அதுக்கு இன்னும் சொல்லல. தெனம் காலையில பேர் மேல கைய வச்சுத் தடவிட்டுத்தான் போகும்.”

துணியை நனைத்தான். பிறைநிலாவின் முனையில் வைத்தான். வைத்த கை தயங்கியது. பிறகு தேய்க்கப் போனான்.

வனராஜ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

எப்போது நெருங்கி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்தாறு வருசம் ஸ்டியரிங் பிடித்த கை, பிடித்த பிடி விடவில்லை.

“அழிக்காதய்யா.”

“ஐயா, பேரோட அனுப்பக்கூடாது. வண்டிக்கு வர்றது புள்ளைக்கு வந்துரும்பாங்க.”

“நான் அழிச்சுப் பாத்துட்டேன்யா.”

ஈஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்தான். மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்வரனின் விரல்கள் தளர்ந்தன. வனராஜ் அந்தத் துணியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். தின்னர் சட்டையில் ஊறி நெஞ்சில் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.

“மேஸ்திரி.”

“சொல்லுங்க மாமா.”

“இந்த வண்டிய நான் எடுத்துக்குறேன்.”

“சீர் பண்ணணுமா?”

“பண்ணணும்.”

மேஸ்திரி தின்னர் பாட்டிலை மூடித் திருகினார். “எந்த நாள் மாதிரி ஆக்கணும்?”

வனராஜ் பானெட்டின் மேல் கையை வைத்தார். வெயிலில் கிடந்த தகரம் சுட்டது. ஈஸ்வரனிடம் கேட்டார்.

“ஸ்கூலு எத்தன மணிக்கு விடும்?”

“நாலு பத்துக்குங்க.”

“இப்ப மணி என்ன?”

“மூணே முக்கா.”

“மூணே முக்காலுக்கு எப்படி இருக்கோ, அப்படி” என்றார் வனராஜ்.