அர்த்தநாரி ஒயர் இழுத்த லாரி

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் எலக்ட்ரீசியன் அர்த்தநாரிக்கு ஒரு பேர் உண்டு. ஒரு ஃபியூஸ் மாட்டினால் ஒன்பது நாளைக்குப் பேசுவான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவன் பேசினது பெருமையில் இல்லை, பயத்தில்.

பாவாயியக்காவின் ஜல்லி லாரி முப்பது வருசப் பழசு. அதன் ஒயரையெல்லாம் உருவிப்போட்டுப் புதுசு இழுக்கிறேன் என்று இருபது நாளாகப் பட்டறையில் நிறுத்தி வைத்திருந்தான். பதினோரு மணிக்கு வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். தவறினால் ரோட்டில் இறக்க முடியாது. மணி பத்து. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்குக் கிளம்பல, கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் எதுத்தாப்ல பட்டறை மாணிக்கத்துகிட்ட விட்டுருவேன். பாத்துக்க."

விடிந்ததும் அர்த்தநாரி சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தான். வண்டி முனகக்கூட இல்லை. அதை எப்படிச் சொல்வது? அதனால் வேறு சொன்னான்.

"லேசுப்பட்ட வேலைன்னு நினைக்காதீங்கக்கா. பழைய ஒயர ஒரு முனை புடிச்சு இழுத்தனுங்க. வருது, வருது, வந்துகிட்டே இருக்குது. சாயங்காலம் பாத்தா நான் ரயில்வே ஸ்டேசன்ல நிக்கறேன். மறுமுனை இன்னும் வண்டிக்குள்ளதான் இருக்குது."

"அந்த ஒயரு எங்க?" என்றாள் அக்கா.

"மூணு ஊருக்குத் துணி காயப்போடக் கொடுத்துட்டேன்."

டிரைவர் குஞ்சப்பன் டீ கிளாசை வாயிலிருந்து எடுத்தான். "ஹெட்லைட் எரியுமாண்ணா?"

"எரியுமாவா? நேத்து உச்சி வெயில்ல போட்டுப் பாத்தேன். சூரியனுக்கு நிழல் விழுந்துருச்சு. பின்னால கோழிக் கூண்டு இருக்குதல்ல, அதுல அன்னைக்கு விட்ட முட்டையெல்லாம் வெந்த முட்டை. உரிச்சு உப்புப் போட்டுத் தின்னோம்."

"முன்னால இருக்கற லைட்டுக்குப் பின்னால இருக்கற கோழி எப்படிண்ணா?"

"சுவத்துல பட்டுத் திரும்பி வந்துச்சுடா. நேராப் பட்டிருந்தா வறுத்த கோழி."

அக்கா மணியைப் பார்த்தாள். அர்த்தநாரி அவசரமாக ஹாரன் கதைக்குத் தாவினான்.

"ஹாரன லேசாத்தான் தொட்டேன். பாலக்காட்டுல ரோட்டுல படுத்திருந்த எருமை எந்திரிச்சு ஓரமா போயிருச்சு. மலையாளத்துல வைது போன் வந்துச்சு. டைனமோவக் கேளுங்க. அது கொடுக்கற கரண்டு தாங்காம எங்க வீட்டு மீட்டரு பின்னால ஓடி, நான் குடிவர்றதுக்கு முந்தின வருசத்துக்குப் போயிருச்சு."

"சரிப்பா."

"இண்டிகேட்டரு, அதான் பெருசு. இடதுபக்கம் போட்டேன். வண்டி நின்ன எடத்துல நிக்குது. ரோடு இடதுபக்கம் திரும்பிருச்சுக்கா. ஊர்ப்பட்ட சனம் வந்து கெஞ்சினாங்க. வலதுபக்கம் போட்டு நேராக்கிக் கொடுத்தேன்."

"பேசி முடிச்சிட்டியா? குஞ்சப்பா, சாவியப் போடு."

குஞ்சப்பன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறினான். திருப்பினான். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் திருப்பினான். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எதிர்த்த பட்டறையில் மாணிக்கம் கயிற்றை உதறி எடுப்பது தெரிந்தது.

அக்கா எழுந்து போய்ப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள்.

"ஏம்ப்பா, இதென்ன, சாமிக்குச் சாத்தற மாதிரி சந்தனக்காப்பு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பேட்டரி மாட்டும்போது பூஜை போட்டான். பக்தி கூடிப்போய் இரண்டு முனைக்கும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பினான். அது மேலேயே கிளாம்பையும் மாட்டிவிட்டான். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது. அதைத் தாண்டி எந்தக் கரண்டு வரும்?

குஞ்சப்பன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். அர்த்தநாரி முன்னால் வந்தான்.

"நாந்தாங்கக்கா போட்டேன். என் ஒயரிங்குல அத்தனை உக்கிரம். சந்தனம் சாத்திக் குளுத்தி வைக்கலைன்னா இந்நேரம் வண்டி தானா கிளம்பி எஃப்.சி. முடிச்சிட்டு வந்திருக்கும்."

"வழிச்செடு."

வழித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிளாம்பை முறுக்கினான். குஞ்சப்பன் திருப்பினான். லாரி இரண்டு தரம் இருமி, கரும்புகையைக் கக்கி, எலுமிச்சம்பழம் அதிர உறுமியது. மாணிக்கம் கயிற்றை மறுபடி சுருட்டினான்.

அர்த்தநாரிக்கு உயிர் திரும்பியது. நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களாக்கா? இந்தச் சத்தத்துக்கு மலையில இருக்கற..."

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குஞ்சப்பனைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். பின்னால் நின்று பார்த்தாள். பிறகு முன்னால் வந்து கேபின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"அர்த்தநாரி, நீயும் ஏறு."

"நான் எதுக்குங்கக்கா?"

"பின்னால பிரேக் லைட்டு ரெண்டும் எரியல. இப்பச் சொன்னியே, இதையெல்லாம் ஆபீசு வாசல்ல ஆளக் கூட்டி வெச்சுச் சொல்லிட்டு இரு. இன்ஸ்பெக்டரும் கேட்டுட்டு முன்னாலயே நிக்கட்டும்."