மாவு மில்லில் பழகி விமானம் ஏறிய நாய்

ஜெசிந்தாவுக்கு டெல்லியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விமானம். மூன்றரை மாச நாய்க்குட்டி பட்டாணியை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் கிடையாது, கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அதற்கென்று வாங்கிய கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினால், தெருவே கூடி என்ன ஏது என்று விசாரிக்கும். அப்படி ஓர் ஊளை. ‘ரொம்பக் கத்தினா ஏத்த மாட்டோம்’ என்று விமானக் கம்பெனியில் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கவலையோடுதான் பாளையங்கோட்டை மாட்டாஸ்பத்திரி பெஞ்சில், காலடியில் கூண்டும் மடியில் குட்டியுமாக, டாக்டர் சான்றிதழுக்குக் காத்திருந்தாள். ஒரு பக்கம் ஆட்டோடு பேச்சியம்மாள். மறுபக்கம் குடற்புழு மருந்து வாங்க வந்த கோமதிநாயகம்.

“விமானத்துக்கா? நம்ம குட்டி ஒண்ணு போயிருக்கு” என்றார் கோமதிநாயகம், சாதாரணமாக.

“அண்ணாச்சி, நீங்க மதுரை தாண்டினதில்லையே?” என்றாள் பேச்சியம்மாள்.

“நான் போனேன்னா சொன்னேன்? குட்டி போச்சு. ஏம்மா, முதல்ல கதவைச் சாத்தாத. கூண்டுக்குள்ள உன் பழைய சேலையைப் போடு, சோத்தையும் உள்ளயே வையி. தானா நுழையும்.”

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஜெசிந்தா தோளில் கிடந்த துப்பட்டாவை உள்ளே விரித்து, ரெண்டு பிஸ்கட்டையும் வைத்தாள்.

“அடுத்தது இரைச்சல். கூண்டோட மாவு மில்லுல கொண்டு வச்சேன். மூணே நாள்ல பழகிட்டு. நாலாம் நாள் பெல்ட்டு லூசா ஓடுதுன்னு மில்லுக்காரருக்கு அதுதான் குலைச்சுக் காட்டிச்சு.”

“நாயா?” என்றாள் பேச்சியம்மாள்.

“மெக்கானிக் வந்து பாத்துட்டு, நாய் சொன்னது சரிதான்னுட்டாரு. பெறவு மேல போனா காது அடைக்கும்லா? தினமும் தண்ணி டேங்க் மேல ஏத்தி கொட்டாவி விடப் பழக்கினேன். அது மேல இருந்து விட்ட கொட்டாவியைப் பாத்து எங்க தெருவே கொட்டாவி விட்டுது. அந்த வாரம் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாராலயும் பாடம் நடத்த முடியல.”

பட்டாணி மடியிலிருந்து இறங்கியது. ஜெசிந்தா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி கூண்டு வாசலை மோந்தது.

“விமானம் ஏறுன அன்னைக்கு,” கோமதிநாயகம் குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை, “நடுவானத்துல மூணு தடவ குலைச்சிருக்கு. பைலட் உடனே புரிஞ்சுக்கிட்டாரு.”

“என்னத்த?”

“பெல்ட்டு லூசு.”

“விமானத்துக்கு ஏது அண்ணாச்சி பெல்ட்டு?”

“உள்ள உக்காந்தவன் இடுப்புல கட்டியிருக்கான்லா? பதினாலாம் நம்பர் சீட்டுக்காரன் சரியா மாட்டல. அவ்வளவு நுணுக்கம். டெல்லி போனா ஒரே மூடுபனி, தரை தெரியல. பைலட் நாயை முன்னால கூட்டிப்போயி உக்கார வச்சாரு. அது மண் வாசனை பிடிச்சு இடது வலதுன்னு வாலை ஆட்ட, அவரு அப்படியே திருப்பி இறக்கிட்டாரு. ஒரு குலுக்கல் இல்ல.”

“சரி, அந்த நாயி இப்ப எங்க?”

“அங்கதான், பனிக்காலத்துக்கு மட்டும் வேலை. வெயில் காலத்துல லீவு. ஆனா பாரு, ஜன்னல் சீட்டு இல்லன்னா ஊருக்கு வர மாட்டேங்குது.”

பேச்சியம்மாள் ஆட்டைப் பார்த்தாள். ஆடும் அவளைப் பார்த்தது.

ஜெசிந்தா சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள். கூண்டுக்குள் துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துப் பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தது. மெல்லக் கதவைச் சாத்தினாள். சத்தமில்லை. கொண்டியையும் போட்டாள். குட்டியின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. பத்து நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணாச்சி, நிறுத்திராதீங்க” என்று கிசுகிசுத்தபடி செல்போனை நீட்டினாள். “முதல்ல இருந்து இன்னொரு தடவ சொல்லுங்க. பதிவு பண்ணிக்கிடுதேன். விமானத்துல போட்டு விடலாம்.”

கோமதிநாயகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

“வேண்டாம் தாயி,” என்றாள் பேச்சியம்மாள், “பைலட்டும் தூங்கிருவாரு.”