கல்லுக்குப் பின்னால்

“மறுபடியும் ஒண்ணு செத்துப் போச்சும்மா,” என்றார் தணிகாசலம்.

கடையில் நசீமா ரம்பத்தால் வெள்ளைக் குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

கொளத்தூரில் மீன் கடை என்றால் குழம்புக்கு இல்லை, கண்ணாடித் தொட்டிக்கு. அதிலும் கடல்தண்ணீரில் பவளம் வளர்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். நசீமாவுக்குத் தெரியும். தணிகாசலத்துக்கு அவள் மகள் வயசு. ஆனாலும் அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார் மனுஷன்.

தொட்டி அவருடையது இல்லை. மகன் இளம்பரிதி ஆசை ஆசையாய் வைத்தது. போன ஆடியில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அவன் வளர்த்த பவளங்களும் ஒவ்வொன்றாய் அவன் பின்னாலேயே போயின. மிச்சம் ஒரே ஒரு பச்சை.

“இதுவும் போச்சுன்னா, அவன் எனக்கு ரெண்டாந்தரம் செத்த மாதிரி.”

“உப்பு பாத்தீங்களா சார்?”

“சரியா இருக்கு.”

“லைட்டு?”

“அவன் வச்சதுதான்.”

“கல்லு?”

“அதுக்கென்ன, ஜோரா இருக்கு. அடியில என்னமோ குழாய்ல சட்டம் கட்டி, அது மேல கல்லை நிறுத்தியிருந்தான். துக்கம் கேக்க வர்றவங்க கண்ணுக்கு அசிங்கமா தெரியுமேன்னு உருவிப் போட்டுட்டேன். இப்போ பின்கண்ணாடியோட ஒட்டி மலை மாதிரி அடுக்கியிருக்கேன்.”

நசீமா ரம்பத்தையும் குழாயையும் பையில் போட்டாள்.

“வீட்டுக்குப் போலாம் சார்.”

கூடத்தில் இளம்பரிதியின் படம், மாலையோடு. அதன் கீழே தொட்டி. தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் குழாய் திறக்கும் சத்தம்.

“கொஞ்சம் தீனி போடுங்க,” என்றாள் நசீமா.

போட்டார். தீனி முன்பக்கமெல்லாம் சுற்றிச் சுற்றி ஓடியது. அதில் நாலு துணுக்கு கல்லுக்குப் பின்னால் போனது.

இருவரும் காத்திருந்தார்கள்.

போனது வெளியே வரவில்லை.

“கல்லை எடுங்க.”

பச்சையையும் மீன்களையும் வாளிக்கு மாற்றினார்கள். தணிகாசலம் பின்வரிசைக் கல்லைத் தூக்கினார். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. அடியில் மண் கறுத்துக் கிடந்தது.

“முன்னாடி பளபளன்னு இருந்துச்சேம்மா.”

“முன்னாடிதானே தண்ணி ஓடுச்சு.”

தணிகாசலம் கல்லைக் கீழே வைத்தார். பிள்ளை ஓடவிட்ட தண்ணீரை நாமே அடைத்துவிட்டோமே என்று நினைத்தார்.

உள்ளே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வேதா, குழாயை மூடு,” என்று கத்தினார். “தினமும் இதே ரோதனைம்மா. ரெண்டு பாத்திரத்துக்கு ஒரு டேங்க் தண்ணி.”

நசீமா தலை நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

கறுத்த மண்ணை அள்ளி வெளியே போட்டாள். ஓட்டை போட்ட குழாயில் சட்டம் கட்டி அடியில் நிறுத்தினாள். அதன் மேல் கல்லை உட்காரவைத்தாள். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டாள். தண்ணீர் நிரப்பி, வாளியில் இருந்ததையெல்லாம் திரும்பத் தொட்டியில் விட்டு மோட்டாரைப் போட்டாள். அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி, கல்லின் முதுகை உரசிக்கொண்டு மேலே வந்தது.

தீனியைப் போட்டார்கள். பின்னால் போனது முன்னால் வந்தது.

பச்சை மெல்ல விரல் விரித்து அசைந்தது. தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வேதா, வந்து பாரேன். உன் பிள்ளையோடது பொழச்சுக்கிச்சு.”

அடுக்களையிலிருந்து வந்தது தண்ணீர்ச் சத்தம்தான்.

“அவ வரமாட்டாம்மா,” என்றார். “பிள்ளை போன அன்னிக்கு நான் அழுது புரண்டேன். வந்தவங்களுக்கெல்லாம் அவதான் காபி போட்டா. இன்னி வரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. கல்லு மாதிரி இருக்கா.”

நசீமா ரம்பத்தைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“பின்னாடி போய்ப் பாத்தீங்களா சார்?”

“இப்போதானேம்மா கல்லை எடுத்து…”

அவள் பார்த்தது தொட்டியை இல்லை, அடுக்களையை.

தணிகாசலம் அடுக்களைக்குப் போனார். வேதவல்லி அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. அதன் கீழே ஒரு பாத்திரமும் இல்லை.

கையை நீட்டிக் குழாயை மூடினார்.

அப்போதுதான் அவள் அழுவது கேட்டது.