விருந்தாளிக் கேன்

கோதண்டபாணிக்கு ஐம்பத்தாறு வயசு. தபால் ஆபீஸ்ல முத்திரை குத்திக் குத்திக் கை ஓஞ்சப்புறம் சட்டம் படிச்சு, கறுப்புக் கோட்டு மாட்டுனவரு. அவரோட சீனியர் சகாயராணிக்கு முப்பத்தஞ்சுதான். கோர்ட்டு வாசல்ல யாராச்சும் நரையப் பாத்து, "சீனியர் சார், வணக்கம்"னு கும்புட்டா, கட்டைவிரலப் பின்னாடி காட்டுவாரு.

"சீனியர் அங்க வர்றாங்க. நான் பை தூக்கி."

அன்னைக்கு அந்த மனுசனுக்கு இருப்பே கொள்ளல. ஆபீசுக்குள்ளயே நடந்தாரு. ஜன்னலத் திறந்தாரு, மூடுனாரு. கையில ஒரு ரிப்போர்ட்டு.

ஆத்துமேடு காலனின்னு ஒண்ணு. அதுக்கு மேல்பக்கம் தோல் தொழிற்சாலை. கழிவு பூமிக்குள்ள இறங்கி, காலனி போர் குழாய்ல வர்ற தண்ணி டீ நிறத்துல இருக்கு. கழிவு விடறத நிறுத்தச் சொல்லி சகாயராணி கேஸ் போட்டிருந்தாங்க. உண்மையான்னு பாக்க கோர்ட்டு அனுப்புன அதிகாரிங்க குழு வந்துது. வந்த அன்னைக்குன்னு கரண்ட் இல்ல, போர் ஓடல. ஜனங்க குடுத்த கேன் தண்ணியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

கோதண்டபாணி ரிப்போர்ட்டு எழுதுன அதிகாரி மாதிரியே மூக்கால படிச்சாரு. "தெருக்கள் தூய்மையாக இருந்தன. வாசல்தோறும் கோலம் காணப்பட்டது. குடிநீர் தெளிவாகவும், வாடையற்றும், அருந்த இனிமையாகவும் இருந்தது. இனிமையாம் மேடம்! சர்பத்து கடைக்கு சர்டிபிகேட் குடுத்திருக்கான்!"

சகாயராணி சிரிச்சாங்க.

"சிரிக்காதீங்க மேடம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆட்சேபணை போடலன்னா திங்கக்கெழம கேசை மூடிருவாங்க. அந்த ஜனங்க ஏன் கேன் தண்ணியக் குடுத்துச்சுங்க? சொந்தக் கேசுக்கு சொந்தக் கையால மண்ணள்ளிப் போட்டுச்சுங்களே! நான் போயி சொல்லிக் குடுக்கறேன். அடுத்த தடவ எவன் வந்தாலும் தெருவக் கூட்டாதீங்க, கிழிஞ்ச சேலையக் கட்டுங்க, ஒருத்தரு மாத்தி ஒருத்தரு இருமுங்க. இப்படி..."

கோதண்டபாணி இருமிக் காட்டுனாரு. நல்லா வந்துது. அதுவே நிக்காம நெஜ இருமலாகிப் போச்சு.

அவரு இருமி முடிக்கற வரைக்கும் சகாயராணி காத்திருந்தாங்க. அப்புறம் ஸ்கூட்டர் சாவிய எடுத்தாங்க.

"எங்க மேடம்?"

"தாகமா இருக்கு சார். வாங்க."

ஆத்துமேட்டுல மொத வீடு பூங்காவனத்தோடது. கேஸ்ல மொதக் கையெழுத்தும் அந்தம்மாவோடதுதான். ரெண்டு பேரையும் பாத்ததும் நாற்காலியத் தொடச்சுப் போட்டு, மூலையில இருந்த கேன சாச்சு ரெண்டு டம்ளர்ல தண்ணி கொண்டாந்துச்சு.

சகாயராணி டம்ளரத் தொடல. "இது வேணாம்க்கா. போர் தண்ணி குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"குடிக்கத்தான்."

பூங்காவனம் ஒரு எட்டுப் பின்னால போயி, போர் தண்ணி புடிச்சு வெச்சிருந்த குடத்து வாய உள்ளங்கையால மூடிக்கிச்சு. "அத்த நான் குடுக்க மாட்டேம்மா."

கோதண்டபாணிக்குப் பொறுக்கல. "ஏம்மா, அதுதாம்மா சாட்சியே! சரி, அவங்களுக்கு வேணாம். எனக்குக் குடு. நான் கேக்கறேன்."

"நீ கேட்டா மட்டும்? போ சார் அப்பால. வயசானவரு, வவுத்துக்கு ஒத்துக்காது."

"ஒரு வாய்!"

"ஒரு சொட்டு கெடயாது. எம் பேத்திய அதுல குளிப்பாட்டுனா விடிய விடிய சொறியறா. வூட்டுக்கு வந்தவங்களுக்கு அத்தப் போயி ஊத்துவாங்களா? நல்லாச் சொன்ன போ."

"அந்தக் கேன் உங்களுதாக்கா?" சகாயராணி கேட்டாங்க.

"தெருவுக்கே ஒண்ணுதாம்மா. நர்சம்மா வருவாங்க, டீச்சரு வருவாங்க, அன்னிக்கி ஆபீசருங்க வந்தாங்க. யாரு வூட்டுக்கு ஆளு வருதோ அந்த வூட்டுக்குத் தூக்கினு ஓடுவோம்."

"நீங்க யாரும் இதுல குடிக்க மாட்டீங்களா?"

"வர்றவங்களுக்கு வெச்சத நாங்க எப்டிம்மா தொடறது?"

"அப்ப நீங்க எதக் குடிக்கிறீங்க?"

பூங்காவனம் குடத்து மேல இருந்த கைய எடுக்கல. இதென்ன கேள்வின்னு பாத்துச்சு. "இதான். வேற இன்னா கீது?"

கோதண்டபாணி வாசலுக்கு வந்து மணியப் பாத்தாரு. மூணேகால். திரும்பி உள்ள வந்தாரு. திரும்ப வெளிய போனாரு.

"மேடம், பாத்தீங்கள்ல? ஒரு டம்ளரு தண்ணி தேறல. வெறுங்கையோட போயி எதை வெச்சு ஆட்சேபணை போடறது?"

சகாயராணி பையிலருந்து பேப்பரும் பேனாவும் எடுத்து அவரு கையில வெச்சாங்க. "உங்க பேருல ஒரு பிரமாணப் பத்திரம் எழுதுங்க."

"என் பேருலயா? நான் சாட்சியாப் போயிட்டா இந்தக் கேஸ்ல வக்கீலாப் பேச முடியாதே மேடம்!"

"பேசுன வரைக்கும் போதும் சார். எழுதுங்க: 'குடிக்கப் போர் தண்ணி கேட்டேன். மாட்டேன்னுட்டாங்க.'"