ஏகாம்பரத்தின் ஆடாத கோடு

உடுமலையில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஏகாம்பரத்துக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது. டாக்டர் வசுமதி அவர் மணிக்கட்டில் வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்.

"துடிப்பு உங்க போன்லயும் தெரியும், எனக்கும் வரும். அதைப் பார்த்துத்தான் ஆபரேஷன் வேணுமான்னு சொல்லுவேன். நல்லா நடங்க. ஆனா பட்டை ஆடினா இரைச்சல் சேர்ந்துரும். பட்டை அசையவே கூடாது."

ஆபரேஷன் என்றதுமே ஏகாம்பரத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதியைச் சுமந்துகொண்டு பூங்காவுக்கு வந்து, கூட நடக்கும் காசிலிங்கத்திடமும் துரைச்சாமியிடமும் யோசனை கேட்டார்.

காசிலிங்கம் பட்டையில் காதை வைத்தார். "இரைச்சல் ஒண்ணும் கேக்கலையேப்பா. இரு, முழங்கால்தான் கறக்கறக்குங்குது!"

முழங்காலுக்கு விளக்கெண்ணெய் பூசினார்கள். பஞ்சுமிட்டாய்க்காரரின் மணியைப் பிடுங்கி வைத்தார்கள். அப்படியும் போனில் துடிப்புக் கோடு, கோழி கிளறின குப்பை மாதிரியே ஓடியது.

"கையை விளக்குக் கம்பத்துல கட்டிட்டு நட" என்றார் துரைச்சாமி.

ஏகாம்பரம் கம்பத்தையே சுற்றி நடந்தார். இரண்டாவது சுற்றில் கை முறுக்கிக்கொண்டது. மூன்றாவதில் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். நெஞ்சு தடதடவென்று அடித்தது.

அவரை அவிழ்த்துவிட்ட துரைச்சாமிக்குப் பளிச்சென்று புரிந்தது. "அசையக் கூடாதுன்னு டாக்டரம்மா எதைச் சொன்னாங்க? கையையா, பட்டையையா?"

"பட்டையை."

"அப்ப உன் கைக்கு அங்க என்ன வேலை?"

பட்டையைக் கழற்றிக் கயிறு போட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். ஏகாம்பரம் கைவீசிப் பத்துச் சுற்று நடந்து வந்து போனைப் பார்த்தார். கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. மூவரும் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் ஏகாம்பரம் அடியில் இருந்ததைப் படித்தார். "துடிப்பு சைபர்னு போட்டிருக்குதே. நான் செத்துட்டனா?"

"மூச்சு விடறயேப்பா" என்றார் காசிலிங்கம்.

"அறுபத்தஞ்சு வருசப் பழக்கம். சட்டுனு நிக்குமா?" என்றார் துரைச்சாமி. "மெஷின் பொய் சொல்லாது."

இருவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏகாம்பரமும் துடைத்துக்கொண்டார், நல்ல மனுஷன் போய்ட்டானே என்று.

அந்நேரம் போன் அடித்தது. டாக்டர் பதறினார். "ஏகாம்பரம் ஐயாவுக்கு என்னாச்சு?"

"காலமாயிட்டாருங்கம்மா."

"ஐயோ! நீங்க யார் பேசறீங்க?"

"ஏகாம்பரந்தானுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப, இனி ஆபரேஷன் தேவைப்படாதுங்களே?"